நான்கு வருஷத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி

ஆளை நேர்காணலுக்குத் தயார் செய்வது என் தொழில். ஊறுகாய் போடுவதும் கிட்டத்தட்ட இதேதான், ஆனால் அதில் மாங்காயாவது நிஜம். எங்கள் பயிற்சி மையம் இந்தத் தெலுங்கு மாநகரத்தின் குகட்பள்ளியில் ஒரு மாடியில் இருக்கிறது. மெட்டுகுடாவிலிருந்து தினமும் மெட்ரோவில் நசுங்கிக்கொண்டு வந்து பொய் சொல்லிக்கொடுக்கிறேன். வேலை தேடி அலைந்த, இன்னும் அலைகிற மகாஜனங்களே, உங்களுக்குப் புரியும்.

குறை

உங்களிடம் உள்ள குறை என்ன என்று கேட்டால், குறையைச் சொல்லக் கூடாது. பெருமையைக் குறை மாதிரி சொல்ல வேண்டும். இந்த மகா வித்தையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவன் தலையில் இடி விழ. எங்கள் மையத்தில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: நான் அளவுக்கு மீறி உழைப்பேன்.

திருச்சியிலிருந்து வந்த பிரபு அதை நன்றாக நெட்டுருப் போட்டிருந்தான். ஒத்திகை அன்றைக்கு வெகு தாமதமாக, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, உட்கார்ந்ததும் ஒப்பித்தான். ஏனப்பா இவ்வளவு லேட் என்று கேட்டேன்.

"பஸ்ல தூங்கிட்டேங்க்கா. கண்டக்டர் எழுப்பினப்போ டிப்போவுல இருந்தேன்."

வாயசைப்பு

வீடியோ நேர்காணலுக்கு இங்கே ஒரு ஏற்பாடு உண்டு. விஷயம் தெரிந்த நண்பன் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பதில் சொல்வான். வேலை வேண்டியவன் கேமரா முன்னால் வாயை மட்டும் அசைப்பான். நக்கோப்பா, வேண்டாம் என்று பிரபுவிடம் தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டானா? நேர்காணல் நடுவில் ஐயா பாட்டிலைத் திறந்து மடக்மடக்கென்று தண்ணீர் குடித்திருக்கிறார். பதில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பெனிக்காரர்கள் பாதியிலேயே இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அவனுக்கோ வெட்கமே இல்லை.

"தாகம் எனக்குத்தானேக்கா, அவனுக்கு எடுக்கலையே."

கவிதா

கவிதா மதுரைப் பெண். சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிற டெஸ்டிங் வேலையில் கெட்டிக்காரி. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள், நான்கு வருஷம் ஓடிவிட்டது. அந்த இடைவெளியைப் பார்த்தே போன இடமெல்லாம் கதவைச் சாத்தினார்கள். இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் வேலை ஆசையையே விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டார்களாம்.

எங்கள் முதலாளி சென்னையில் பல வருஷம் இருந்தவர், தமிழ் சரளமாகப் பேசுவார். இல்லாத ஒரு கம்பெனியையும், அதில் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிற சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் ஒன்றையும் அந்த நான்கு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தார். இங்கே வருகிற எல்லோருக்கும் அதே ஆஸ்பத்திரிதான். கவிதா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு இந்த ஊரின் மேலேயே ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

"பிள்ளை வளத்தேன்னு சொல்றது அவ்வளவு கேவலமாக்கா?"

அடுத்த வரி

நேர்காணலில் கவிதா ஆஸ்பத்திரிக் கதையை ஆரம்பித்திருக்கிறாள். பயத்தில் பாதியில் மறந்துவிட்டது. எதிரே இருந்த மேனேஜர் தலையைத் தூக்காமலே மிச்சத்தை அட்சரம் பிசகாமல் சொல்லி முடித்தாராம். அவரும் எங்கள் மையத்துச் சரக்குதான்! கவிதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கம்பெனியும் பொய், ப்ராஜெக்டும் பொய், நாலு வருஷமும் பிள்ளைதான் வளர்த்தேன் என்று போட்டு உடைத்துவிட்டாள். அவர் தங்கள் ஆப் ஒன்றைத் திறந்து கொடுத்து, இதில் தப்பு இருந்தால் காட்டு என்றிருக்கிறார். அவருடைய ஆட்கள் கோட்டைவிட்டதையெல்லாம் அங்கேயே பிடித்துக் காட்டினாள். வேலை கிடைத்தது. கிளம்பும்போது அவர் சொன்னாராம்:

"அந்த ஆஸ்பத்திரியை இழுத்து மூடச் சொல்லுங்க உங்க சாரை. நான் படிச்சப்பவே அது பழசு."

பேனர்

ஒரு வார்த்தை மாற்றாமல் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். வெட்கப்படுவார் என்று நினைத்தது என் மடத்தனம். கவிதாவின் படத்தைப் போட்டு, நான்கு வருட இடைவெளியை வென்றது எங்கள் பயிற்சி என்று மாடிப்படியில் பேனர் கட்டினார். அவள் உண்மையைச் சொன்ன பிறகுதானே வேலை கிடைத்தது என்று கத்தினேன். மனிதர் நிதானமாக யோசித்தார்.

"அப்படியா மேடம்? அப்போ அடுத்த பேட்ச்சுக்கு அந்த உண்மையையே எழுதிக் கொடுத்துடலாம். எல்லாருக்கும் நாலு வருஷம், ஒரு குழந்தை."

இப்போது, கல்யாணமே ஆகாத பையன்களை அந்த உண்மையை நெட்டுருப் போட வைத்துக்கொண்டிருக்கிறேன்.