காற்றுப் பிரிந்தால் வீட்டுக்குப் போகலாம்

குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் கிளினிக்கில் நேர்ஸாக இருக்கும் நான் நாள் முழுக்கக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "காத்துப் பிரிஞ்சுதோ?" சோதனைக்காக உள்ளே காற்றை நிரப்புவார்கள். அது வெளியேறினால்தான் ஆளை வீட்டுக்கு அனுப்பலாம். ஐம்பதைத் தாண்டிய வாசகர்களே, இந்தக் கட்டிலில் நீங்களும் படுத்திருப்பீர்கள்; இல்லையென்றால் படுக்கத்தான் போகிறீர்கள். நானும் படுக்கவேண்டியவள்தான். என் அண்ணையைக் கொண்டுபோன புற்றுநோய் குடலில்தான் தொடங்கியது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் பாதிச் சனத்துக்குத் தைரியம் சொல்லும் நான், என் முறையைப் பயத்தில் தள்ளிக்கொண்டே வந்தேன்.

தலைவர் அடக்கினார்

கோயில் சபைத் தலைவர் ஒருவர். மயக்கம் தெளிந்ததிலிருந்து வாயையும் மற்றதையும் இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தார். வயிறு ஊதி, நெற்றி வியர்த்து, பிரஷரும் ஏறியது. "அங்கிள், வெக்கப்படாமல் விடுங்கோ" என்று கெஞ்சினேன். பெண்கள் நிற்கும் இடமாம், மாட்டாராம். நான் டொக்டரைக் கூப்பிடத் திரும்பினேன்.

அந்த நேரம் பார்த்து, திரைக்கு அப்பால் படுத்திருந்த ஒரு அன்ரி நீளமாக ஒன்று விட்டு, "முருகா!" என்றார். தலைவருக்குச் சிரிப்பு வெடித்தது. சிரித்த வேகத்தில் அவருடையதும் வெளியேற, அறை முழுக்கச் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, நான் எத்தினை மேடையில பேசினனான், ஒருநாளும் சனம் உப்பிடிச் சிரிக்கேல்லை."

மகனின் மொழிபெயர்ப்பு

மார்க்கம் நகரில் வங்கி மனேஜராக இருக்கும் மகன் தாயைக் கூட்டிவந்தார். அந்த அம்மா பயத்தில் கட்டில் கம்பியை விடவேயில்லை. குடல் சுத்தமாகிவிட்டதா என்று அறிய, கடைசியாகப் போனது என்ன நிறம் என்று டொக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாய் திறக்க முன்னரே மகன் முந்திக்கொண்டார். இங்கே பிறந்த அவருக்கு அந்த விஷயத்தில் தெரிந்த தமிழ், குழந்தையாக இருந்தபோது கற்றது மட்டும்தான். கோட்டும் டையுமாக நின்று, "அம்மா, கக்கா என்ன கலர்?" என்றார்.

அம்மாவின் கை கம்பியிலிருந்து கழன்றது. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "முந்தி உதை நான் உன்னட்டைக் கேட்டுத் திரிஞ்சன், இப்ப நீ என்னட்டைக் கேக்கிறாய்!"

ஸ்ரௌவ்வில்காரரின் சந்தேகம்

எல்லாக் கதையும் சிரிப்போடு முடிவதில்லை. பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லிலிருந்து வந்த ஒருவருக்கு, கட்டி இருக்கிறது, வெட்டவேண்டும் என்று டொக்டர் சொன்னார். மனைவி அப்படியே உறைந்துபோனார். பக்கத்தில் நின்ற எனக்கு அண்ணையின் முகம் ஞாபகம் வந்தது. கணவரோ என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, வெட்டின பிறகும் குசு வருமோ எண்டு டொக்டரிட்டைக் கேளுங்கோ" என்றார். முகத்தை இறுக்கிவைத்துக்கொண்டு கேட்டேன். தாராளமாக வரும் என்றார் டொக்டர்.

மனைவி கணவரின் தோளில் ஓங்கி ஒன்று போட்டார், சிரித்தார், பிறகு அழுதார். "உவர் உப்பிடிக் கதைக்கேக்கைதான் எனக்கு உயிர் திரும்பி வருது."

என் முறை

அதற்குப் பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை. நானும் படுத்தேன். மயக்கம் தெளிந்ததும் டொக்டரைத் தேடவில்லை. சோதனையின்போது உள்ளே நின்ற என் சிநேகிதி, நேர்ஸ் சுகந்தியைத்தான் தேடினேன். நேர்ஸ்மார் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு, யாரும் சொல்லித் தந்ததில்லை. கூடாத செய்தி கேட்கப்போகிறவர்களோடு குரலைத் தாழ்த்தி, மிகவும் மரியாதையாகப் பேசுவோம். அவள் வந்து போர்வையைச் சரிசெய்து, மெதுவாக என் கையைப் பிடித்தால் என் கதை முடிந்தது. அவளுடைய சப்பாத்துச் சத்தம் கிட்ட வந்தது. அண்ணையை நினைத்தேன், பிள்ளைகளை நினைத்தேன். திரை சர்ரென்று விலகியது.

"எடியே, குசுவை விட்டிட்டு எழும்படி, அடுத்த ஆள் கட்டிலுக்கு நிக்குது!"

அன்றிலிருந்து, யாராவது என்னோடு அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசினால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.