பத்தொன்பது நாள் தாமதம்

நீதிமன்ற வளாகத்தில் அவரைக் கமா சார் என்றுதான் கூப்பிடுவார்கள். தீர்ப்பில் ஒரு கமா இடம் மாறினால் உரிமையே கைமாறிவிடும் என்று அச்சகத்தாரோடு மல்லுக்கு நிற்பவர். சட்டம் படித்தவர்தான், நீதிபதி முன்னால் நின்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டே வழக்குகளோடு அங்கியை மடித்து வைத்துவிட்டு ஒரு சட்ட மாத இதழில் சேர்ந்தார். மேல்முறையீட்டு மன்றமும் உச்ச நீதிமன்றமும் தரும் தீர்ப்புகளைச் சுருக்கி, கீழே தன் கருத்துரையை எழுதுவது வேலை. அதில் இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

அவருடைய தங்கை ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். மாதிரிகளை மாற்றிவிட்டாள் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். மாற்றியது அவளில்லை, கீழ்க்கோர்ட்டு அதை நம்பவில்லை. மேல்முறையீட்டுக்கான கெடு முடிகிற வாரத்தில் அவளுக்கு வயிற்றில் அறுவைசிகிச்சை. மனு பத்தொன்பது நாள் பிந்திப் போனது. மேல்முறையீட்டு மன்றம் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டது, விசாரித்தது, அவள் மேல் தப்பில்லை என்று வேலையையும் திருப்பிக் கொடுத்தது. நிர்வாகம் விடாப்பிடியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

தோற்றுவிட்டோம் என்று வக்கீல் தொலைபேசியில் சொன்ன மறுநாள், தீர்ப்பின் முழுப்படி மற்றத் தீர்ப்புகளோடு அவர் மேசைக்கு வந்தது. மருத்துவச் சான்று பதினைந்து நாளுக்குத்தான் இருந்ததாம். மீதி நான்கு நாள்? அதனால் தாமதத்தைப் பொறுத்து மேல்முறையீட்டை ஏற்றதே தப்பு என்று சொல்லியிருந்தார்கள். ஏழாம் பக்கத்தில் ஒரு மேற்கோள்: "தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் காரணம் வேண்டும். இரக்கம் கெடுவை நீட்டாது." அடிக்குறிப்பில் இதழின் பெயர், பக்க எண்.

அவர் எழுதியதுதான். நான்கு வருடம் தூங்கிவிட்டு மேல்முறையீட்டுக்கு வந்த ஒரு பெரிய நிறுவனத்தைக் கண்டித்து, பதினோரு வருடம் முன்பு எழுதியது.

ஆசிரியரிடம் போனார். "இதை வேற யாருக்காவது குடுங்க சார். என் தங்கச்சி கேஸ்."

"வேற யாரு இருக்கா? சுருக்கத்தை மட்டும் எழுதுங்க, போதும். கருத்துரை போட்டா தங்கச்சிக்காக எழுதினதுன்னு சொல்லிடுவாங்க."

வக்கீலைக் கேட்டார். நான் சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை என்று மறுஆய்வு மனுவில் எழுத முடியாதா?

"எழுதினவர் என்ன நினைச்சார்ங்கிறது கோர்ட்டுக்கு வேண்டாம் சார். அச்சுல என்ன இருக்கோ அதுதான்."

சாயங்காலம் தங்கையே வந்தாள். தீர்ப்பின் நகலைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"அண்ணா, இந்த வரி உன்னுதா?"

"ஆமா."

"அந்த நாலு நாள் எனக்கு மாடிப்படி இறங்க முடியலை. அதுக்கு எவன்கிட்ட சர்டிபிகேட் வாங்கறது?"

அவளே அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே. படிச்சா எனக்கே சரின்னு தோணுது," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார்.

சுருக்கத்தை அவரே எழுதினார், ஆறு வரி. மறுமாதம் வந்த மூன்று மேல்முறையீட்டு மன்றத் தீர்ப்புகள் அந்தச் சுருக்கத்தைக் காட்டி மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருந்தன. ஒருவர் எட்டே நாள் பிந்தியவர். வருடக் கடைசியில் இதழில் வந்த வழக்குகளுக்குப் பொருளகராதி தயாரிக்கும்போது "தாமதம் – போதிய காரணமின்மை" என்ற தலைப்பின் கீழ், அகரவரிசையில் எங்கே வருமோ அங்கே, தங்கையின் பெயரைச் சேர்த்தார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார். இல்லை.