பச்சைச் சாயத்துக்கு முன் ஒரு கேள்வி

டில்லியில் நாற்பது வருடமாக, என் மனைவிக்கு எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்பதை டாக்டர்களிடம் நான்தான் சொல்லி வந்தேன். அவளுக்கு இந்தி வராது என்பது வெளியே சொன்ன காரணம். உண்மையில் அவளுக்கு இந்தி வரும். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த நாளிலேயே காய்கறிக்காரரிடம் சண்டை போட்டுக் கொத்தமல்லியை இனாமாக வாங்கி வந்துவிடுவாள். அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்த எனக்கு, அந்தச் சந்தை இந்தியை ஒரு டாக்டர் முன்னால் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

"கியா தக்லீஃப் ஹை?" என்று, உடம்புக்கு என்ன என்பதை டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்பார். நான் பதில் சொல்வேன். வீட்டில் அவள் அரை மணி நேரம் விவரித்ததை, "தோடா சா கேஸ், டாக்டர் சாஹப்" என்று, ஏதோ கொஞ்சம் வாயு என்பதாக முடித்துவிடுவேன். பத்துப் பக்கக் கோப்பை மூன்று வரிக் குறிப்பாகச் சுருக்கிப் பாராட்டு வாங்கியவன் நான்.

ரத்தம் போகிறது என்று அவள் சொன்னபோது மூலம் என்றேன். ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து டாக்டரிடமும் மூலம் என்றே சொன்னேன். அவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் கட்டி இருப்பது தெரியவந்தபோது ஒன்றரை வருடம் போயிருந்தது. முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை.

சர்ஜன் ஒரு பஞ்சாபிப் பெண், எங்கள் மகளைவிட இளையவர். ரோபோவின் கைகளை இயக்கித்தான் அறுவைசிகிச்சை செய்யப்போவதாகச் சொன்னார். கட்டி உள்ள பகுதியை எடுத்துவிட்டுக் குடலின் இரண்டு முனைகளையும் சேர்ப்பார். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் இடத்தில் சேர்த்தால்தான் ஒட்டும். சந்தேகம் வந்தால் வயிற்றில் துளையிட்டு, மலம் சேர ஒரு பையை வெளியே பொருத்த வேண்டியிருக்கும்.

"வெறும் கண்ணுக்கு எல்லா இடமும் ஒரே மாதிரிதான் தெரியும், அங்கிள். அதனால் ரத்தக் குழாயில் ஒரு சாயம் போடுவோம். ரோபோவின் கேமராவில் வேறொரு ஒளி உண்டு. அதில் ரத்தம் ஓடுகிற குடல் பச்சையாக ஒளிரும். ஓடாத இடம் இருட்டாக இருக்கும்."

பையைப் பற்றிக் கேட்டதிலிருந்து என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. "பையக் கட்டிக்கிட்டு நான் எப்படிங்க நாலு பேரு வீட்டுக்குப் போவேன்? கோயில்ல எப்படி உக்காருவேன்?" என்றாள்.

"பச்சையாத் தெரியும், பாத்துக்கிடலாம்" என்றேன். அந்தப் பச்சையை அவளைவிட நான்தான் அதிகம் நம்பியிருந்தேன். குடலே தன் நிலைமையைச் சொல்லிவிடும். நடுவில் நான் வேண்டியதில்லை.

அறுவைசிகிச்சைக்கு முந்தின நாள் மத்தியானம் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒரு படிவத்தோடு வந்தார். "ஆன்ட்டிக்கு ஏதாவது அலர்ஜி உண்டா? ஸ்கேனுக்கு ஊசி போட்டபோது ஏதாவது ஆச்சா? இந்தச் சாயத்தில் கொஞ்சம் அயோடின் இருக்கிறது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அநேகமாகப் போட மாட்டோம்."

எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மாதம் ஸ்கேன் எடுத்து வந்த அன்று அவள் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. வெயில்தான் என்று சொல்லிப் பவுடரைப் போட்டுவிட்டேன்.

'நோ அலர்ஜி' என்ற பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொன்னால் சாயம் கிடைக்கும். சாயம் கிடைத்தால் பை வராது. அவளுக்கு நல்லது செய்வதாகவே எனக்குத் தோன்றியது. களிம்பு எழுதி வாங்கிய அன்றும் அப்படித்தான் தோன்றியது.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னத்தான் கேக்காரு. நீயே சொல்லு" என்றேன்.

"நானா?"

"நீதான்."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பேட்டா, ஸ்கேன் கே பாத் இதர் குஜ்லி. பஹுத் குஜ்லி. லால் லால்" என்று, அன்று அரித்துச் சிவந்த கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கட்டை விரலை என் பக்கம் திருப்பி, "ஏ போலா, கர்மி ஹை!" என்று, வெயில்தான் என்று நான் சொன்னதையும் போட்டு உடைத்தாள்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூச்சுத் திணறியதா, முகம் வீங்கியதா என்று கேட்டார். "நஹீ, நஹீ. சாம் கோ சார் இட்லி காயா" என்று, அன்று சாயங்காலம் நாலு இட்லி சாப்பிட்டதைச் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடுகிறது என்று விரலால் அசைத்துக் காட்டினாள். மயக்கம் கொடுக்கக் குழாய் இறக்கும்போது அது விழுந்து மூச்சுக்குழாயில் போய்விடக்கூடுமாம். அவர் அதைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டார். அந்தப் பல் ஆடுவது எனக்குத் தெரியவே தெரியாது.

சாயம் போடலாமா என்று பெரிய டாக்டர்கள்தான் முடிவு செய்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் சர்ஜனே வந்தார். அரிப்பு மட்டும்தான் என்பதால் போடலாம், அலர்ஜி வந்தால் கொடுக்கிற மருந்தைக் கையருகே வைத்துக்கொண்டு போடுவோம் என்றார். "தெரியாமல் போட்டு உள்ளே ஏதாவது ஆகியிருந்தால், காரணம் தேடுவதிலேயே நேரம் போயிருக்கும். அச்சா கியா, ஆன்ட்டி" என்று பாராட்டி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

சாயத்தால் எதுவும் ஆகவில்லை. மத்தியானம் சர்ஜன் வெளியே வந்து தன் டேப்லெட்டில் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்புத் திரையில் பச்சையாக ஒரு வளைவு. ஓரிடத்தில் அது சட்டென்று நின்றிருந்தது.

"நான் முதலில் வெட்ட நினைத்தது இங்கே. பச்சை இரண்டு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. அதனால் தள்ளி வெட்டினேன். சேர்த்த பிறகு பார்த்தால் இரண்டு பக்கமும் பச்சை."

"பை?"

"வேண்டாம், அங்கிள்."

இன்னும் சில மாதம் மருந்து இருக்கிறது. ஆனால் சாப்பிடுகிறாள், நடக்கிறாள், கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். போன வாரம் அவளிடம் ஒப்புக்கொண்டேன், அன்றைக்கு நான் பொய் சொல்ல இருந்தேன் என்று.

"தெரியும். அதாம் உங்க வாயவே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். "நீங்க தோடா சான்னு ஆரம்பிச்சிருந்தா, நான் குறுக்க விழுந்து சொல்லிருப்பேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "வார புதன்கிழமை செக்கப்புல்லா? ஃபைல மட்டும் தூக்கிட்டு வாங்க. நான் பேசிக்கிடுதேன்" என்றாள்.