பெரியப்பா வயலில் இறங்காத விமானம்

போன வாரம் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். பிரிஸ்பேனில் வயதானவர்களுக்குப் பொழுதுபோக்கே டாக்டர் வீடுதான். அந்தப் பெண் கரண்டி மாதிரி ஒரு கறுப்பு மறைப்பைக் கையில் கொடுத்து, வலது கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். மூடினேன். "என்ன தெரிகிறது?" என்றாள். "ஒன்றும் தெரியவில்லை அம்மா, சின்ன வயதிலிருந்தே தெரியவில்லை" என்றேன். பாவம், பயந்துவிட்டாள். என் கேஸ் காகிதத்தைப் படிக்காமல் வந்தது அவள் தப்பு. தெரிந்தே விளையாடியது என் குசும்பு.

அந்த அறையில் ஸ்பிரிட் வாசனை. இளவயதில், நான் பிறந்த தீவு நாட்டில், சமபுலாவில் விமானிகளுக்குச் சான்று கொடுத்த டாக்டரின் அறையிலும் இதே வாசனைதான். அவரும் இதே மாதிரி ஒரு மறைப்பைக் கொடுத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இருக்கிற ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகக் கூடாதா?" என்று கேட்டார். ஆசைக்குக் காரணம் கேட்டால் யார்தான் சொல்ல முடியும்? ஒற்றைக் கண்ணுக்கும் விதியில் இடம் உண்டு, ஆனால் பரிசோதகரை அருகில் உட்கார வைத்துக் கூடுதலாக ஒரு முறை விமானம் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

கண் போனது கரும்புக் காட்டில்தான். அப்பாவுக்குச் சோறு கொண்டு போனபோது தோகை நுனி குத்தியது. அம்மா மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டாள். பக்கத்தில் பா என்கிற டவுனில் இருந்த குஜராத்தித் தட்டான் ஜோடியாகச் செய்து வைத்திருந்தார். அம்மா ஒன்றைத்தான் வாங்கினாள். "இன்னொரு கண்ணு நல்லாத்தானே இருக்குது, அதுக்கு எதுக்கு வெள்ளி?" நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று தெரிந்ததும் அதே தட்டானிடம் போய் மற்றதையும் வாங்கிச் சாத்தினாள்.

அப்போது ரராவாய் மில்லில் கரும்புச் சாற்றின் இனிப்பை அளக்கும் வேலை எனக்கு. ஞாயிறுதோறும் பஸ் பிடித்து நாண்டிக்குப் போய், அங்கிருந்த சின்ன பிளையிங் கிளப்பில் பறப்பேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சட்டென்று பிடிபடாது. நான் கோழி மாதிரி தலையை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி ஓடுபாதையை அளப்பேன். சொல்லிக்கொடுத்தவர் முதலில் எனக்குக் கழுத்து வலி என்று நினைத்து, தைலம் கொண்டுவந்து கொடுத்தார்.

பெரியப்பாவின் நிலம் நாங்கள் பறக்கும் வழியில்தான் இருந்தது. எங்கள் வீடுகளில் கரும்பைக் கரும்பு என்று யாரும் சொல்வதில்லை. ஹிந்தி ஒட்டிக்கொண்டு எல்லாம் கன்னாதான். பறக்கும் பரிசோதனைக்கு முந்தின நாள் பெரியப்பா வந்து எச்சரித்துவிட்டுப் போனார். "ஏன்டா, நம்ம நெலத்து மேலதான் சுத்துறியாமே. இப்பத்தான் கன்னா நட்டிருக்கேன். எறக்கிக் கிறக்கித் தொலைக்காத."

பரிசோதகர் நியூசிலாந்துக்காரர், அதிகம் பேசாதவர். எல்லாம் நன்றாகத்தான் போனது. திரும்பும்போது திடீரென்று எஞ்சின் விசையைப் பின்னால் இழுத்து, "எஞ்சின் நின்றுவிட்டது. எங்கே இறங்குவாய்?" என்றார். இது எல்லோருக்கும் வைக்கும் சோதனைதான். தரையைத் தொடும் முன் மறுபடி விசை கொடுத்து ஏறிவிடுவார்கள். நேர் கீழே பெரியப்பா வயல். கரும்பு இப்போதுதான் முளைவிட்டிருந்தது, மரம் மட்டை கிடையாது, பாய் விரித்த மாதிரி இருந்தது. நான் அதை விட்டுவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் திருப்பினேன். உயரம் போதவில்லை. மாமரங்கள் முகத்துக்கு நேரே வந்தபோது அவரே விசையைத் தள்ளி மேலே ஏற்றினார்.

"அந்த வயல் உன் கண்ணுக்குத் தெரியவில்லையா?"

"தெரிந்தது. புதுசாக நட்டது, பெரியப்பாவுடையது. திட்டுவார்."

அவர் காகிதத்தை எடுத்து எழுதினார். ஃபெயில்.

ஊரில் எல்லோரும் கண்தான் காரணம் என்றார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெரியப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "பைத்தியக்காரா, உசுரு போற நேரத்துல கன்னாவெப் பாப்பாங்களா? கன்னா போனா மறுபடி நட்டுக்கலாம்டா" என்றார்.

அடுத்த மாதம், எண்பத்தேழு மே, எங்கள் இந்தியர்கள் நிறைந்த அரசைக் கவிழ்க்க ராணுவத்தார் பார்லிமெண்டுக்குள் புகுந்தார்கள். அதற்குப் பிறகு எதை நினைத்தாலும் களைப்புதான் வருகிறது. மறுபரிசோதனைக்குப் பரிசோதகர் வரவில்லை. வருஷக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை யாரும் எதுவும் செய்யக் கூடாது என்று சட்டம் வேறு. எனக்குப் பறக்க இருந்ததே அந்த ஒரு நாள். ரேடியோவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நாட்டைவிட்டுப் போகிறவர்களுக்கு வாரத்துக்கு ஒரு வீட்டில் பிரிவு விருந்து. ஒவ்வொரு விருந்திலும் அதே ஆட்டுக்கறி, அதே அழுகை. கடைசியில் சாப்பிடக்கூடச் சலித்துவிட்டது. பெரியப்பாவும் மகளோடு இருக்க வான்கூவருக்குப் போனார். குத்தகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாடுகளைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார்.

அடுத்த வருஷம் பரிசோதகர் ஒருவழியாக வந்தார்; மில்லில் லீவு போட்டுவிட்டுப் போனேன். அதே வழி. அதே இடத்தில் விசையை இழுத்தார். மனிதருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. நான் யோசிக்கவே இல்லை, நேராகப் பெரியப்பா வயலை நோக்கி இறக்கினேன். கரும்பு இல்லை, முழங்கால் உயரத்துக்குப் புல். வீட்டு ஜன்னல்களைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தலையை ஆட்டி அளந்தேன், உயரம் சரியாக வந்தது. "நல்லது, ஏறு" என்றார் அவர். "இன்றைக்குப் பெரியப்பா இல்லையா?"

"இல்லை" என்றேன். பாஸ்.

மறு வருஷம் நாங்களும் கிளம்பிவிட்டோம். இங்கே வந்து வயிற்றைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது; லைசென்சைப் புதுப்பிக்கவில்லை. இப்போது பா டவுனில் தட்டான் கடை இல்லை, நாண்டியில் கிளப் இல்லை. பெரியப்பாவும் பனிக்காலம் ஒன்றில் போய்ச் சேர்ந்தார். என் பேரனுக்கு நான் விமானம் ஓட்டியவன் என்றால் நம்பிக்கையில்லை.

பாஸான அன்று சாயங்காலம் தபாலாபீஸில் வரிசையில் நின்று வான்கூவருக்குப் போன் போட்டேன்.

"எங்கடா எறக்குன?"

"உங்க நெலத்துலதான் பெரியப்பா."

"கன்னா?"

"கொஞ்சம் நசுங்கியிருக்கும்" என்றேன்.

பெரியப்பா சொன்னார்: "பரவால்ல, வுடுடா. மறுபடி நட்டுக்கலாம்."