ஹைன்ரிக் கட்டிய கேத்தரின்

மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கோகிலா, ஒவ்வொரு துணியை உதறிப் போட்டதும் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துப் பார்த்தாள். அறிக்கை அனுப்பினால் மறுநாளே நன்றி வந்துவிடும். இந்த முறை வரவில்லை.

அவள் சரித்திரம் படித்தவள். மகளைக் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சேர்த்த பிறகு கிடைத்த வேலை இது. அமெரிக்கக்காரர்களின் பாட்டன் பூட்டன் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்று பழைய பதிவுகளைத் தேடிச் சொல்லும் ஒரு சென்னைக் கம்பெனிக்கு, சங்கரன்கோவிலில் இருந்தபடியே எழுதிக்கொடுப்பாள். இப்போது எழுதியது ஹைன்ரிக்கின் கதை. ஜெர்மனியிலிருந்து கப்பலேறிப் போய் ஓஹையோவில் தையல்கடை வைத்தவர். கேட்டிருந்தது அவருடைய கொள்ளுப்பேத்தி.

வாளியோடு இறங்கும்போது போன் அடித்தது. மேற்பார்வை பார்க்கும் சாஜிதா பானு, கடையநல்லூர்க்காரி.

"யக்கா, அந்தக் கொள்ளுப்பேத்தியம்மா போன்ல அழுதுட்டாங்க. சொந்த அக்கா மகளையே கட்டுனாருன்னு எப்படி எழுதுனீங்க?"

கோகிலா பார்த்த ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹைன்ரிக்கின் வீட்டில் அவர் அக்காவும், அக்கா மகள் கேத்தரினும் இருந்தார்கள். அடுத்த கணக்கெடுப்பில் அவர் மனைவி பெயர் கேத்தரின். வயதும் பொருந்தியது. கல்யாணப் பதிவைத் தேட வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"அக்கா மக வீட்டுலயே வளந்து நிக்கா. வேற யாரக் கட்டுவான்?"

"நல்லாருக்கே! எங்கள்லயே மாமன் மகளக் கட்டலாம், மாமனக் கட்டக்கூடாது. ஹராம். அவங்களுக்குக் கேக்கணுமா? அந்தப் பிள்ளை சின்னதுலயே காய்ச்சல்ல செத்துருச்சாம், கல்லறை இருக்காம். கட்டுனது ரொட்டிக்கடைக்காரர் மகளாம். அவ வேற கேத்தரின்."

"இப்ப என்ன செய்ய?"

"மன்னிப்பு கேட்டு மெயில் போடுங்க. அவங்க மனசு ஆறுனாத்தான் மேக்கொண்டு உங்களுக்கு வேலைன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அவங்க குடும்பத்து மேல அசிங்கத்த ஏத்திட்டேன்னு நல்லா இறங்கியே எழுதுங்கக்கா."

கோகிலா லேப்டாப்பைத் திறந்தாள். தேடியதும் கல்யாணப் பதிவு கிடைத்தது. ரொட்டிக்கடைக்காரர் மகள்தான். மெயிலை எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

உரக்கடையைப் பூட்டிவிட்டு ராமசுப்பு சாப்பிட வந்தார். கோகிலாவின் அம்மாவுக்குக் கடைசித் தம்பி. அவள் பிறந்தபோதே பேசி முடித்த கல்யாணம். நாள் பார்த்தபோது அவளை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை. சண்டைகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் அவர் வராமல் அவள் மதியம் சாப்பிட்டதில்லை.

"என்னட்டி, மூஞ்சி செத்துப்போய் இருக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா. கை கழுவுங்க, சோறு வைக்கேன்."

அதற்குள் அவர் குனிந்து திரையைப் பார்த்துவிட்டார். இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். என்ன நடந்தது என்று அவள் சொல்லச் சொல்ல, ஒரு வரியில் விரல் வைத்தார்.

"வெக்கக்கேடுன்னு போட்டிருக்கியே, எதுக்கு? ஆள் மாறிப்போனதுக்கா, மாமனக் கட்டுனான்னு எழுதுனதுக்கா?"

"வேலை போயிரும் மாமா."

"வேலை கிடக்கட்டும். நான் கேட்டதுக்குச் சொல்லு."

அவள் அந்த வரியைப் பார்த்தாள். எடுத்துவிட்டால் அந்தம்மாவுக்கு மனசு ஆறுமா? விடுவதா எடுப்பதா என்று யோசிக்கும்போதே விரல் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டது. மெயில் போய்விட்டது.

அவள் தலை நிமிரவில்லை. ராமசுப்பு கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமலே அறையை விட்டுப் போனார்.