நெற்றி மஞ்சள்

ஞானபூரணம் அக்கா மேல் எனக்கு மூன்று மாதம் தீராத கோபம் இருந்தது. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது பொய்.

சங்கரன்கோவிலில் எங்கள் பக்கத்துப் பச்சைப்பிள்ளைகளை வீடு வீடாகப் பார்க்க வரும் நர்ஸ் அவர். ஐம்பதைத் தாண்டியவர். கொஞ்சம் வாய் நீளம். செருப்பைக் கழற்றும் முன்பே திட்டு ஆரம்பித்துவிடும். அவர் பையில் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி இருக்கும். பிள்ளையின் தோலில் வைத்து அழுத்தினால் பளிச்சென்று வெளிச்சம் அடித்து, தோலுக்கு அடியில் எவ்வளவு மஞ்சள் ஏறியிருக்கிறது என்று எண்ணில் காட்டும். காமாலையைக் கண்டுபிடிக்க ஊசி குத்த வேண்டியதில்லை.

என் மகள் பிறந்த நான்காம் நாள் காலையில் வந்தார். நெற்றியில் வைத்ததும் பதினெட்டு என்று காட்டியது. அது பெரிய எண் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் பெண்பிள்ளை ஆயிற்றே என்று என் மனைவி வடிவாம்பாள் பிள்ளையின் முகம் முழுக்க மஞ்சள் பூசியிருந்தாள். அதைக் கவனித்ததும், பூசின மஞ்சளைத்தான் கருவி காட்டுகிறது என்று அக்கா சிரித்துவிட்டார். முந்தின வாரம்தான் கரிவலம்வந்தநல்லூரில் இப்படிப் பூசியிருந்த ஒரு பிள்ளையை அவர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அந்தக் குடும்பம் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தது. ஈரத்துணியால் நெற்றியை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கறையும் போகவில்லை, எண்ணும் இறங்கவில்லை. இனி மஞ்சள் பூசக் கூடாது, நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை அசந்து தூங்கினாள். எங்களைப் படுத்தாத பிள்ளை என்று எங்களுக்குப் பெருமை வேறு.

சாயங்காலம் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். வேலை முடிந்து வாசுதேவநல்லூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர் பாதி வழியில் இறங்கியிருக்கிறார்.

“அம்புட்டு அழுத்தித் தொடச்சேன் தம்பி, பிள்ள முழிக்கவே இல்லையே. காமால ஏறுனாத்தான் இப்படி அசந்து கெடக்கும்,” என்றார்.

துணியை விலக்கி, மஞ்சள் படாத நெஞ்சில் கருவியை வைத்தார். இருபத்தொன்று.

ஆஸ்பத்திரியில் மகளைக் கண்ணைக் கட்டி, காமாலையை இறக்கும் நீல வெளிச்சத்தில் போட்டார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டார். வடிவாம்பாள் தான் பூசிய மஞ்சளைச் சொல்லி அழத் தொடங்கினாள். அக்கா குறுக்கிட்டார்.

“அவ மேல தப்பில்ல சார். காலைலயே நெஞ்சுல வச்சுப் பாத்திருக்கணும். நாந்தான் பாக்கல.”

மகள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் காமாலை அவ்வளவு ஏறியதில் காது பாதிக்கப்பட்டிருக்கலாம், மூன்று மாதம் கழித்துச் சோதித்தால்தான் தெரியும் என்றார்கள். அக்கா மேல் புகார் எழுத உட்கார்ந்தேன். அவரே டாக்டரிடம் சொன்னதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை. பேனாவை மூடி வைத்தேன், கோபம் மட்டும் அடங்கவில்லை.

அவர் வாராவாரம் வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகப் பிள்ளையின் சட்டையை விலக்கிவிடுகிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. வடிவாம்பாள்தான் கொடுப்பாள்.

மூன்றாம் மாதம் சோதித்தார்கள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்றார்கள். வெளியே வந்து யாருக்கு முதலில் சொல்வது என்றுகூட நான் யோசிக்கவில்லை. அக்காவுக்குத்தான் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. நானும் அழுதேன்.