பட்டியலில் நான்காவது வரி

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு மறு ஆண்டு எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். காஜா பேராங்கில் ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். சனிக்கிழமைதோறும் சாமான் பட்டியல் எழுதிக் கடையில் கொடுத்து வாங்கி வருவது என் வேலை. எட்டு வயதிலிருந்து அடுப்படியில் அதே மேசை, அதே வரிசை: அரிசி, பருப்பு, எண்ணெய், பால் டின். சீனி போட்டுக் காய்ச்சிய அந்தக் கெட்டிப் பால் இல்லாமல் அம்மாவுக்குத் தேநீர் இறங்காது. சின்ன வயதில், பட்டியலை எழுதி முடித்ததும் என் விரலில் கொஞ்சம் ஊற்றுவார். நான் எழுதப் பழகியதே அதற்காகத்தான் என்று சொல்லலாம்.

அந்த ஆண்டு அம்மாவின் கால்விரலில் இரும்பாணி ஏறியது. அவருக்கு வலிக்கவே இல்லை. புண் ஆறவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நீரிழிவு என்றார்கள். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த சீட்டை நானே படித்துச் சொன்னேன்: சீனி கூடாது, மீறினால் விரலை எடுக்க வேண்டிவரும். சீட்டை அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். என் பங்கு முடிந்தது என்று நினைத்தேன். காலையில் அம்மா தேநீர் கலக்குமுன் நான் பள்ளிக்குக் கிளம்பிவிடுவேன்.

ஆறு வாரம் கழித்து விரல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த தாதி மிஸ்ஸி, "என்னம்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"தேதான். பால் ஊத்தி."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா, வாயக் கட்ட முடியாதா?" என்று மிஸ்ஸியின் முன்னாலேயே கடிந்துகொண்டேன்.

அம்மா என்னைப் பார்த்தார். "நீதானே வாங்கியாந்து வைக்கிற. படிச்ச புள்ள வாங்குது, இனிமே குடிக்கலாம் போலன்னு நெனச்சேன்."

நேரே ஜாலான் பெண்டஹாராவில் நாங்கள் சாமான் வாங்கும் கடைக்குப் போனேன். "ஏன் நானா, கேக்காத பால் டின்ன எதுக்குக் கூடையில போடுறீங்க?"

கடைக்கார நானா கம்பியில் குத்தியிருந்த பழைய பட்டியல்களை உருவினார். "நான் எங்க டீச்சரம்மா போட்டேன்? பாருங்க. என் எழுத்து இவ்ளோ அழகாவா இருக்கும்?"

ஆறு தாள்கள். ஆறிலும் நான்காவது வரியில் பால் டின். எல்லாம் அந்தச் சீட்டுக்குக் கீழே உட்கார்ந்து நான் எழுதியவை.

விரலை எடுத்தார்கள். நான் அழவில்லை. மறுநாள் பள்ளிக்குப் போய் வாய்ப்பாடு கேட்டேன்.

பிறகு ஆசிரியர் பயிற்சி வகுப்பில் மனோதத்துவ விரிவுரையாளர் கரும்பலகையில் மூளையை வரைந்தார். ஒன்று வேண்டுமா வேண்டாமா என்று பார்த்துச் செய்வது ஒரு வழி. இடமும் நேரமும் கூடியதும் பழகியதைச் செய்துவிடுவது இன்னொரு வழி. எது மூளையில் எங்கே ஓடுகிறது என்று இன்னும் சரியாகத் தெரியாது என்றார். குறித்துக்கொண்டேன். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது, நன்றாக எழுதினேன்.

இப்போதெல்லாம் பட்டியலை வாசித்துக் காட்டச் சொல்கிறார் அம்மா. போன சனிக்கிழமை, "அரிசி, பருப்பு, எண்ணெய்" என்று வாசித்து நிறுத்தினேன்.

"பால் டின்னும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்மா."

"அந்த வரிய அடி."

அடித்தேன். அம்மா காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டு, "துணி தொவைக்கிற சவுக்காரம் விட்டுட்ட" என்றார்.